கறுப்புப் பூசிய நாள்

பழைய பல் பிரஷ்ஷைச் சவர்க்கார நுரையில் தோய்த்து இரத்தினேஸ்வரி காரின் பின் பம்பரைத் தேய்க்கத் தொடங்கியதும், முற்றத்தில் சில்லுக் கதிரையில் இருந்த கதிரவேலின் முகம் மலர்ந்தது. புருசன் அப்படிச் சந்தோஷப்பட்டு அவள் கண்டு கனகாலம். வலப்பக்கம் விழுந்துபோன நாளிலிருந்து அந்த முகத்தில் கோபமும் அழுகையும்தான் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. இப்போது இடக்கையால் கதிரைப் பிடியில் தட்டினார்.

“இடுக்கு... இடுக்குக்குள்ளையும் தேய்,” என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் இந்த வேலை அவளுக்கு இலேசாக இருந்திருக்கும்.

வெள்ளைக் கரோலா. அந்தக் காரில்தான் கதிரவேல் வெள்ளைக்காரரைத் திருகோணமலை டவுன் ஹோட்டல்களிலிருந்து நிலாவெளிக்கும், விமானம் பிடிக்கக் கொழும்புக்கும் ஏற்றி இறக்கினார். பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் ஓய்ந்தபிறகு கார் படலையைத் தாண்டவில்லை. உட்துறைமுகத்திலிருந்து ஏறிவரும் உப்புக்காற்றும், பின்னேர வெயிலும் சேர்ந்து அதில் கறுப்பாக இருந்த இடங்களையெல்லாம் தின்றுவிட்டன. பம்பர்கள், கதவோரப் பட்டிகள், பக்கக் கண்ணாடிகளின் கூடுகள் எல்லாம் அடுப்புச் சாம்பலின் நிறத்துக்கு வந்திருந்தன. மழை நனைத்தால் கொஞ்ச நேரம் பழைய கறுப்புத் தெரியும். காய்ந்ததும் திரும்பவும் சாம்பல். ஆனாலும் காலையில் தேத்தண்ணி குடிக்க முதல் அவள் போய் அதை ஸ்டார்ட் பண்ண வேண்டும். எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “நிப்பாட்டு,” என்று அவர் சொன்னால்தான் அந்த வீட்டில் பொழுது விடியும்.

மகள் லோஜனா மட்டக்களப்பில் இருந்தாள். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் நடப்பதுதான் முறை. இந்த வீட்டில் அதற்கு ஆளில்லை. லோஜனாவின் மாமியார்தான் எல்லாம் பார்த்தாள். பிள்ளை நிறை குறைவாகப் பிறந்ததால் தூரப் பயணம் வேண்டாமென்று டொக்டர் சொல்லிவிட்டார். குப்புறப் புரண்டதையும், தவழ்ந்ததையும் இரத்தினேஸ்வரி போனுக்குள்தான் பார்த்தாள். பஸ்ஸில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தக் கிட்டத்து ஊர்தான் அவளுக்குக் கனடாவை விடத் தூரமாக இருந்தது. போன மாசம் மருமகன் ஒரு வான் பிடித்து அனுப்பினான். கதிரவேலை ஏற்றப் போனால், மனுசன் கார்க் கதவின் பிடியை இடக்கையால் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. “காரை ஆர் பாக்கிறது?” என்று வாய் கோணி அழுதார். வான் வெறுமையாகத் திரும்பிப் போனது. அன்றைக்கு அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இந்தக் கார் இருக்கும்வரை நானும் இந்த வளவை விட்டுப் போக மாட்டேன் என்று நினைத்தாள்.

அதன்பிறகுதான் பக்கத்து வளவு மதுசனிடம் காரை விற்கக் கதைத்தாள். அவன் கராஜில் வேலை செய்கிறவன். போனில் படம் பிடித்து விளம்பரம் போட்டான். தோப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். “அன்ரி, எஞ்சின் நல்லம். ஆனா இந்தச் சாம்பலைப் பாத்தா செத்த காரெண்டு நினைப்பினம்,” என்று சொல்லி, ஒரு சின்னக் கறுப்புப் பூச்சுப் போத்தலும் ஸ்பொஞ்சும் தந்துவிட்டுப் போனான். ஆள் இன்றைக்குப் பின்னேரம் வருகிறார். கதிரவேலுக்கு ஒன்றும் தெரியாது.

அவள் நுரையைக் கழுவித் துணியால் ஒற்றிக் காயவிட்டாள். பழைய மெழுகு வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்த இடங்களைத் திரும்பவும் தேய்த்தாள். போத்தலைத் திறந்ததும் அவர் பதறினார்.

“டேப்... டேப் ஒட்டு. வெள்ளையில பட்டா... போகாது.”

அவருடைய பழைய சாமான் பெட்டியிலிருந்த பேப்பர் டேப்பை எடுத்துவந்து, பட்டிகளின் ஓரமாக அவர் விரல் காட்டிய கோட்டில் ஒட்டினாள். வெயில் படும் பக்கத்தைக் கடைசிக்கு விடச் சொன்னார். ஸ்பொஞ்சில் நாலு சொட்டு விட்டு இழுத்தாள். சாம்பல் போன வழியில் கறுப்பு எழும்பி வந்தது. அவளுக்கே கை நிற்கவில்லை. முன் பம்பர், கதவுகள், கண்ணாடிக் கூடுகள் என்று முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, முதுகு நொந்தாலும், கலியாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்ற அந்தக் காரைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள்.

“ரத்தினம்,” என்றார் அவர். “வெள்ளைச் சேட்டை எடு.”

“ஏன்? எங்க போகப் போறியள்?”

“பேத்தியைப் பாக்க. நான் கார் ஓடுறன்.”

இதற்குத்தான் இவள் காரைக் கழுவுகிறாளென்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் உள்ளே போய் அந்தச் சேட்டை எடுத்துவந்தாள். அவருக்கு மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் இருத்திவிட்டு இறக்கலாம் என்று எண்ணி, கதிரையைக் காரடிக்குத் தள்ளி, அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கி டிரைவர் சீட்டில் இருத்தினாள். ஓய்ந்த காலைத் தன் கையாலேயே தூக்கி உள்ளே வைத்தாள். அவர் இடக்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதோடு சரி. பிறகு எவ்வளவு கெஞ்சியும் இறங்கவில்லை.

படலையில் ஆள் கூப்பிட்டது அப்போதுதான். சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக ஒருவர் நின்றார்.

“அபூதாஹிர், தோப்பூர். மதுசன் தம்பி செல்லியிருப்பார்.” காரைச் சுற்றி வந்தார். “வண்டி நல்லாரிக்கி அக்கா. கறுப்பெல்லாம் புதுசு மாதிரி மின்னுது.” சீட்டில் இருந்தவரைக் கண்டு, “அண்ணன்ட வண்டியா?” என்றார்.

கதிரவேல் அவரைப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடிக்குள் பெண்சாதியைப் பார்த்தார். அவள் கையில் இன்னும் அந்த ஸ்பொஞ்சு இருந்தது. விரலெல்லாம் கறுப்பு. அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப் போவதை அவள் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இண்டைக்குப் பூசினது,” என்றார் கதிரவேல், ஒவ்வொரு சொல்லாக. “நிக்காது. திரும்பச் சாம்பலாயிடும்.”

அபூதாஹிர் சிரித்தார். “வண்டிட குறையச் செல்லி விக்கிற ஆள இப்ப எங்க காண்ற? உங்களப்போல ஆள்ட்டத்தான் வாங்கணும் அண்ணன். நான் எடுக்கன். ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டா?”

கதிரவேல் அசையவில்லை. அபூதாஹிர் குனிந்து, மடியில் கிடந்த வலக்கையைக் கண்டார். பிறகு முற்றத்தில் கிடந்த சில்லுக் கதிரையைப் பார்த்தார். சிரிப்பை விட்டுவிட்டு இரண்டடி பின்னுக்குப் போனார்.

“அவசரமில்ல அக்கா. நான் படலையடியில நிக்கன்.”

இரத்தினேஸ்வரி காருக்குள் குனிந்து அவருடைய மணிக்கட்டில் கையை வைத்தாள். படுக்கையிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து கக்கூசுக்கும் தூக்கித் தூக்கி உரமேறிய கை. ஒரு இழுவையில் இறக்கிவிடுவாள். அவருக்கும் அது தெரியும். ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“இறங்குங்கோ. அந்தாள் பாத்துக்கொண்டு நிக்குது.”

“திறப்பு,” என்றார் அவர்.

“இஞ்சாருங்கோ, உங்களால ஏலாது.”

“ஓம். தெரியும். திறப்பைப் போடு.”

அவள் அவருடைய மணிக்கட்டை விட்டாள். சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி இருந்தாள். அந்தச் சீட்டில் அவளைவிட வெள்ளைக்காரர்தான் கூடுதலாக இருந்திருக்கிறார்கள். உடுத்தியிருந்த சோட்டியின் பைக்குள் இருந்த கார்த் திறப்பை எடுத்து, அவருக்கு முன்னால் எட்டிப் போட்டுப் பாதி திருப்பினாள். சிவப்பு விளக்குகள் எரிந்தன. கதிரவேல் இடக்கை விரலால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தடவி ஒரு தண்டைத் தட்டினார். வைப்பர் எழும்பிக் காய்ந்த கண்ணாடியைக் கர்ர் கர்ர் என்று உரசத் தொடங்கியது.

“இது இல்லை,” என்றார். “மற்றது... வலப்பக்கம்.”

அவள் வைப்பரை நிப்பாட்டினாள். சிக்னல் தண்டு அவருடைய ஓய்ந்த கையின் பக்கம் இருந்தது. அவர் நெஞ்சின் மேலால் கையை நீட்டி அதைப் பிடித்தாள். அந்த வெள்ளைச் சேட்டுக்குள் மூச்சு ஏறி இறங்குவது அவள் முழங்கையில் பட்டது.

“எந்தப் பக்கம் போடட்டும்?” என்று கேட்டாள்.

அவர் முன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். படலைக்கு வெளியே றோட்டும், அதற்கு அங்கால் துறைமுகத்துத் தண்ணியும் வெயிலில் கிடந்தன. அவள் தண்டைத் தட்டினாள். டிக், டிக் என்று சத்தம் காருக்குள் நிறைந்தது. படலையடியில் நின்ற அபூதாஹிர் விளக்கு மின்னுவதைக் கண்டு, வாகனம் வெளியே வரப்போகிறதென்ற பழக்கத்தில், சாரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓரமாக விலகி வழிவிட்டு நின்றார்.