முப்பத்தொரு வினாடி

கிறகரி விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் அரிப்புக் கிராமத்தில் பாதிப்பேர் அவர் எங்கேயோ விழுந்து எழும்பித்தான் வீட்டோடு கிடக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்து மூன்று வயதுக்கு அந்த மனிதர் ஒரு கல்லில்கூடக் காலை இடித்துக்கொண்டதில்லை. அவர் செய்ததெல்லாம் ஒரு கதிரையிலிருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து அதே கதிரையில் இருந்ததுதான். அதற்குத்தான் அவரைப் பூட்டி வைத்தார்கள்.

அந்த வருசம் கம்பஸிலிருந்து மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். புத்தகத்தைப் படித்தால் மட்டும் போதாது, ஊருக்குள் போய்ச் சனத்தோடு பழகிப் படிக்கவேண்டுமாம். பிள்ளைக்கு ஒரு வயசானவர் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சனிக்கிழமையில் வந்து, ஆறு மாதத்தில் அவரைச் சுறுசுறுப்பாக்கிக் காட்டவேண்டும். மாதா கோயில் மண்டபத்தில் 'ஆரோக்கியமான முதுமை' என்று பதாகை கட்டி, போனவர்களுக்கெல்லாம் பிஸ்கட்டும் பிளேன்ரீயும் கொடுத்தார்கள். கிறகரி பிளேன்ரீக்குப் போகவில்லை. தான் இன்னும் எவ்வளவு திடம் என்று கூட்டாளி யாகப்பருக்குக் காட்டத்தான் போனார்.

சோதனை சின்னச் சோதனை. கதிரையிலிருந்து எழும்பி, நிலத்தில் நாடா ஒட்டிய கோடுவரை நடந்து, திரும்பி வந்து இருக்கவேண்டும். பன்னிரண்டு வினாடிக்குள் வந்தால் நல்லம், மிஞ்சினால் விழுகிற ஆபத்து. நேரம் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் ஒருத்தரும் கிறகரிக்குச் சொல்லவில்லை. "நடந்துபோட்டு வாங்கோ ஐயா" என்றாள் கையில் போனோடு நின்ற பிள்ளை. அவரும் நடந்தார். அந்தக் கோட்டை அவர்கள் எங்கே போட்டார்கள் தெரியுமா? வர்ணம் பூசுவதற்காக மண்டபத்துக்குள் தூக்கி வைத்திருந்த செபஸ்தியார் சுரூபத்தின் காலடியில். அவ்வளவு கிட்டப் போய்விட்டு, வெறுமனே முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவர கிறகரி என்ன ஆடா, மாடா? முழங்காலில் நின்றார், சிலுவை போட்டார், செத்துப்போன பெண்சாதி றஞ்சிதத்தை நினைத்து ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னார். பிறகு எழும்பி நிமிர்ந்து நடந்து வந்தார்.

முப்பத்தொரு வினாடி. அவருக்கு முன்னால் போன யாகப்பருக்கு ஒன்பது. யாகப்பரின் பக்தி அவ்வளவுதான்.

'விழும் ஆபத்து மிக அதிகம்' என்று ஒரு கடதாசித் துண்டில் சிவப்பு மையால் எழுதி, பெரிய டொக்டர் கையெழுத்தும் வைத்து, அந்தத் துண்டை மகன் தோமஸின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தோமஸ் கெட்டவன் இல்லை. அதுதான் கரைச்சல். கெட்டவனென்றால் சண்டை பிடிக்கலாம். தாய் றஞ்சிதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, இரண்டு மாதம் பாயில் கிடந்து செத்தபோது அவளுக்குத் தண்ணீர் பருக்கியவன் அவன். துண்டை வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "அம்மாவை விட்டிட்டன் அப்பா. உங்களை விடமாட்டன்" என்றான். அடுத்த நாளே கிறகரியின் சைக்கிள் தோமஸின் மாமியார் வீட்டுக்குப் போனது. வாசல் தகரப் படலைக்கு ஆமைப்பூட்டு வந்தது. காலை ஏழு மணிக்கு அவன் முசலியிலிருக்கிற கந்தோர் வேலைக்கும் மருமகள் செலீனா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் போனால், திரும்பி வர நாலு மணி. அதுவரைக்கும் மூடி வைத்த சோறும் அவரும்தான்.

கடலுக்குப் போவதை விட்டு ஆறு வருசமென்றாலும் கிறகரி கரையை விட்டவரில்லை. விடிய ஆறு மணிக்குப் போய், வந்த வலைகளில் நண்டு கழட்டி, யாகப்பரோடு வாய்ச்சண்டை பிடித்து, ஒன்பது மணிக்குத் திரும்பினால்தான் அவருக்கு அன்றைய நாள் தொடங்கும். இப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் வள்ளங்களின் மெசின் சத்தம் மட்டும் வந்தது. நாசமாய்ப்போன சத்தம், வராமலிருந்தாலாவது நிம்மதியாயிருக்கும். முற்றம் இந்த மதிலிலிருந்து அந்த மதிலுக்குப் பதினெட்டு அடி. முதல் கிழமையிலேயே அளந்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அளக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவருக்கென்று ஒதுக்கிய பிள்ளை, அன்றைக்குப் போனோடு நின்றவள்தான். வெள்ளாங்குளத்து நெல்லுக்காரர் வீட்டுச் சைவப் பெண், பெயர் இந்திராதேவி. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அறுபது வயதுப் பெயர். முதல் சனிக்கிழமை அவள் வந்து இருந்ததும் இருக்காததுமாகக் கிறகரி கேட்டார்.

"பிள்ளை, நான் அண்டைக்கு முழங்காலிலை நிண்டு செபம் சொன்னனான். அந்த நேரத்தையும் சேர்த்தோ எழுதினனீங்கள்?"

அவளுடைய முகம் தொங்கிப்போனது. "செபமோ ஐயா? நான் கால் மடங்கி இருந்திட்டியள் எண்டெல்லோ நினைச்சன். எழும்புறதுக்குக் கஷ்டப்படுறியள் எண்டு..."

நல்ல பிள்ளை, மழுப்பவில்லை. அன்றைக்கே தோமஸிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "தங்கச்சி, அப்பா உங்களையும் மடக்கிப்போட்டாரோ? பெரிய டொக்டர் கையெழுத்து வைச்சிருக்கிறார். நீங்கள் அவரை மிஞ்சிப் படிச்சிட்டியளோ?" கம்பஸில் போய்ச் சொல்லிப் பார்த்தாள். முதல் அளவை மாற்ற ஏலாது, ஆறு மாதம் முடியத் திருப்பி அளக்கலாம் என்றுவிட்டார்கள்.

"கடைசி நாள் அளப்பம் ஐயா" என்றாள் கையைப் பிசைந்துகொண்டு. "அதிலை நல்லா வந்தால், தோமஸ் அண்ணாவிட்டைக் காட்ட எனக்கும் கையெழுத்து வைச்ச ஒரு துண்டு இருக்கும்."

கிறகரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அவள் ஐந்து பயிற்சி சொல்லிக் கொடுத்தாள், அவர் அதைப் பத்தாகச் செய்தார். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பினார், இருந்தார், எழும்பினார். காலையில் ஐம்பது, பின்னேரம் ஐம்பது. முற்றத்தில் நடந்த இடம் வெள்ளைக் கோடாகத் தேய்ந்தது. இடைக்கிடை யாகப்பர் வந்து தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கதைப்பார்.

"டேய், உன்ரை இடத்திலை இப்ப வஸீர் இருந்து நண்டு கழட்டுறான்."

"ஒரு மாதம் பொறு. வந்து எழுப்புறன்."

"என்னத்துக்கு எழுப்புறாய்? அவன் உன்னைவிடக் கெதியாக் கழட்டுறான்."

யாகப்பர் பகிடிக்குத்தான் சொன்னார். கிறகரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. தோமஸ் வீட்டில் நின்றான். இந்திராதேவி விறாந்தையில் நாடாவால் அளந்து கோடு போட்டாள். கோட்டுக்கு முன்னால் ஒரு சாமிப் படமும் இல்லையென்பதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். கிறகரி வேட்டியை மடித்துக் கட்டினார். எழும்பினார், போனார், வந்தார், இருந்தார்.

"ஏழு" என்றாள். "ஏழு வினாடி ஐயா."

கிறகரிக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாயிருந்தாலும் துடைக்கவில்லை. நாளைக்கு ஆறு மணிக்குக் கரையில் நிற்பதை நினைத்தார், வஸீரிடம் என்ன சொல்லி எழுப்பலாம் என்றும் யோசித்துவிட்டார். தோமஸ் அவள் எழுதிய துண்டை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். அவனுக்கும் கண் கலங்கியது.

"பாத்தியளோ தங்கச்சி" என்றான். "முப்பத்தொண்டிலை இருந்து ஏழு. ஊரிலை எல்லாரும் என்னைத்தான் ஏசினவை, தகப்பனைப் பூட்டி வைச்சிருக்கிறான் எண்டு. வெளியிலை விட்டிருந்தால் இந்த மனுசன் இப்பிடி வந்திருப்பாரோ?"

"அண்ணா, இனிப் பூட்டத் தேவையில்லை. ஐயா வெளியிலை போகலாம். போகவும் வேணும்."

"இவ்வளவு கஷ்டப்பட்டு வந்ததைக் குழப்பச் சொல்லுறியளோ?" தோமஸ் கோபப்படவில்லை, நயமாகத்தான் கேட்டான். "இன்னும் ஒரு வருசம் இப்பிடியே கொண்டு போவம்."

"முதல் அளவே பிழை எண்டு நான் அண்டைக்கே..."

"பிழையான அளவுக்கு ஏன் பெரிய டொக்டர் கையெழுத்து வைக்கிறார்?"

முதல் துண்டில் இருந்த கையெழுத்தும் இந்தத் துண்டுக்கு விழப்போகிற கையெழுத்தும் ஒரே ஆளுடையதுதான். கிறகரி கதிரையில் இருந்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்ல நடந்திருந்தால் விழுந்துவிடுவாரென்று பூட்டு. விரைவாக நடந்ததால் பூட்டினது நல்லதென்று பூட்டு. ஆறு மாதமாகத் தன்னுடைய காலாலேயே தனக்கு மதில் கட்டியிருக்கிறாரென்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒழுங்கை முனையில் கம்பஸ் பஸ் கோர்ன் அடித்தது. "வாறன் ஐயா" என்றாள் இந்திராதேவி, அவரைப் பார்க்க முடியாமல். தோமஸ் திறப்போடு முன்னால் போய்ப் பூட்டைக் கழற்றி, படலையைத் தள்ளினான். அவள் வெளியே போனாள்.

கிறகரி எழும்பினார். யோசித்து எழும்பவில்லை, கால் எழும்பிவிட்டது. விறாந்தைப் படியை ஒரே எட்டில் கடந்து, முற்றத்தைக் கடந்து, தோமஸின் கைக்கும் தகரத்துக்கும் நடுவால் உடம்பை நுழைத்தார். வலது கால் ஒழுங்கை மணலில் பட்டது. வெயிலில் சுட்ட மணல்.

தோமஸ் அவரைத் தோளோடு அணைத்துப் பிடித்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, திரும்பிப் பாருங்கோ, என்ன வேகம் எண்டு" என்று கத்தினான். பிறகு நோகாமல், பச்சைப் பிள்ளையைத் திருப்புவதுபோலத் தகப்பனைத் திருப்பி, படலையைச் சாத்தினான். "இண்டைக்கு இவ்வளவும் போதும் அப்பா. களைச்சுப் போவியள்."