குளிருக்கு ஒரு கால்சட்டை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் தேக்கா வட்டாரமே வெயிலில் வெந்துகொண்டிருக்க, என் வீட்டுக்காரர் தடித்த கார்டுராய் கால்சட்டையோடு சோற்றுக்கு வந்து உட்கார்ந்தார். முதுகில் வியர்வை ஓடியது. வேட்டி கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வேட்டி கட்டினால் கால் தெரியும். பக்கத்து மாட்டுக் கொட்டகை சுப்பிரமணியம் போகிற வழியில் எட்டிப் பார்ப்பான். அவனுக்குக் கண் எப்போதும் அடுத்தவன் வீட்டில்தான்.

இவருக்கு வேலை தஞ்சோங் பகார் கப்பல் துறையில், குளிர்க்கிடங்கில். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் உறைந்து வரும் ஆடுகளை உள்ளே அடுக்க வேண்டும், கேட்கும்போது வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் குளிர் என்றால் என்னவென்று தெரிந்த தமிழர்கள் அந்தக் கிடங்கில் நிற்கிற நாலைந்து பேர்தான். கைக்குச் சாக்கைச் சுற்றிக்கொள்வார்கள். காலுக்கு ஒன்றும் கிடையாது. முழங்காலை முட்டுக்கொடுத்துத்தான் உறைந்த ஆட்டைத் தூக்குவார்கள்.

மழை தொடங்குமுன் ஒரு சாயங்காலம் இவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, முழங்காலுக்குக் கீழே ஒரு கொசு உட்கார்ந்து குடித்தது. வயிறு புடைக்கும்வரை குடித்தது. இவர் தட்டவில்லை. நான் விரலால் நசுக்கினேன், அப்போதும் திரும்பவில்லை. ரத்தத்தைத் துடைத்தபோது பார்த்தேன். அந்த இடம் ஒரு வெற்றிலை அளவுக்கு வெளுத்து, வியர்வை பிடிக்காமல் உலர்ந்திருந்தது.

"குளிர்ல மரத்துப்போச்சு" என்றார்.

"ஆமா, குளிர்தான்" என்றேன்.

குஷ்டம் என்ற சொல்லை இரண்டு பேருமே வாயில் எடுக்கவில்லை. அதுதான் என்று தெரிந்தால் ஆளைக் கொண்டுபோய் வேலிக்குள் அடைத்துவிடுவார்கள். அப்படிப் போய்த் திரும்பி வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. உலை கொதித்தது, அரிசி போட்டேன். கஞ்சியை வடித்தேன். யாரோ ஒருத்தி செய்வதைத் தள்ளி நின்று பார்க்கிற மாதிரி இருந்தது.

குளிர்தான் காரணம் என்றால் காலைச் சூடாக வைத்திருந்தால் உணர்ச்சி திரும்பிவிடும் என்றார். அதனால் காதர் மைதீன் கடைக்குப் போனோம். மாலுமிகள் விற்றுவிட்டுப் போகும் பழந்துணிகளை வாங்கி சிராங்கூன் ரோட்டில் விற்கிறவர் அவர். குவியலிலிருந்து ஒன்றை உருவி உதறிக் காட்டினார். மரப்பட்டை நிறம், சீப்பால் வாரிவிட்ட மாதிரி மேலெல்லாம் வரி.

"கார்டுராய். சீமையில வண்டிக்காரன், தோட்டக்காரன் எல்லாம் இதத்தான் போடுறான். பனியில நின்னாலும் கால் கதகதன்னு இருக்கும். லீவு நாள்ல சும்மா வெளிய போறதுக்கும் போடுவாங்க."

"இந்த ஊருக்குச் சரியா வருமா, பாய்?"

"ஊருக்கு வராதும்மா. இவரு வேலைக்கு வரும்."

முதலில் கிடங்குக்கு மட்டும்தான் போட்டார். அப்புறம் காய்கறி வாங்கப் பாசாருக்கு, டிராமுக்கு, கோயில் வாசல்வரைக்கும் அதுதான். "என்ன மாணிக்கம், லண்டனுக்குக் கப்பலா?" என்று சுப்பிரமணியம் கேலி செய்தான். இவர் சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். உண்மையைச் சொன்னால் பார்க்க நன்றாகவே இருந்தது. நல்ல உயரம் இவர், எதைப் போட்டாலும் எடுப்பாகத் தெரியும். துவைத்தால்தான் சள்ளை. மழையில் நாள்கணக்கில் காயாது. ஈரத்தோடே மாட்டிக்கொண்டு போவார். கடைசியில் சுப்பிரமணியமே தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டான்.

மழைக்காலம் முழுக்க அந்தக் காலை இவர் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் வேட்டிக்கு மாறுவார். கேட்காமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்: "கிடங்குல இப்பல்லாம் குளிரே தெரியல. சரியாயிடுச்சுன்னு நெனைக்கிறேன். பாத்துருவமா?"

கதவைச் சாத்தினேன். வேட்டிக்கு மாறி, துணிப்பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அந்தத் துணிய வச்சே தேயி. வரி தெரியுதான்னு சொல்றேன்."

கால்சட்டை வியர்வையில் நனைந்து கனத்தது. அதைச் சுருட்டிப் பிடித்து முழங்காலில் மெல்ல வைத்து இழுத்தேன்.

"தெரியுது." அவர் முகம் மலர்ந்தது. "வரி வரியா நல்லாத் தெரியுது, பூவம்மா."

துணியை முழங்காலுக்குக் கீழே இறக்கினேன். வெளுப்பு இப்போது வெற்றிலை அளவில் இல்லை, என் உள்ளங்கையால் மூட முடியாது. அதன்மேல் துணியை வைத்து, அதே மாதிரி மெல்ல, மேலும் கீழுமாகத் தேய்த்தேன். தெருவில் மாட்டுவண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. இவர் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்டார்.

"கை வலிக்குது" என்றேன். கை தேய்த்துக்கொண்டேதான் இருந்தது.