கட்டைவிரல் போதாது

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது.

என் வரிக்கணக்கைப் பார்ப்பவள் ஷஹீரா. இந்த மார்ச்சில் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் கேட்டாள். வழக்கம்போல் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன். உடனே அழைத்தாள்.

"விரலெல்லாம் வேணாம். அச்செடுத்து, ஒவ்வொரு பக்கமும் படிச்சு, கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்பு."

"போன வருஷம் இதே விரலைத்தானே வாங்கி வெச்சே?"

"போன வருஷம் நான் முட்டாள்."

தன்னை முட்டாள் என்று லேசில் சொல்லிக்கொள்கிறவள் அல்ல அவள். ஏன் என்று கேட்டேன், சொன்னாள். எழுதட்டுமா என்றேன். "எழுது. ஆனா நான் படிச்சு ஒத்துக்காம ஒரு வரி வெளிய போகக் கூடாது."

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அலெக்சாந்திரியாவின் கடலில் சூரியன் மெல்ல

(விட்டுவிட்டேன். மார்ச் மாதத்தில் எந்தக் கணக்கரும் சூரியனைப் பார்ப்பதில்லை.)

ஷஹீராவின் அலுவலகப் பலகையில் இரண்டு பெயர்கள் இருந்தன. அதில் ஒன்றின் மேல் வெள்ளை பூசி

இது தேவலை. வெள்ளை பூசப்பட்ட பெயர் தல்அத், அவளுடைய கூட்டாளி. ஒரு செருப்பு வியாபாரி கார் ஓட்டிக்கொண்டே போனில் "சரி, அனுப்பிடுங்க" என்றார், தல்அத் அனுப்பிவிட்டார். பிறகு வரி அலுவலகம் கேள்வி கேட்டபோது அதே வியாபாரி நெஞ்சில் கை வைத்து, "இந்தக் காகிதத்தை நான் கண்ணாலயே பாத்ததில்லீங்க" என்றார். அவர் சரி சொன்னதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தல்அத்தின் உரிமம் போனது. இன்னொரு புகார் வந்தால் ஷஹீராவுடையதும் போகும் என்று வரி அலுவலகத்திலேயே சொல்லி அனுப்பினார்கள்.

அன்று முதல் அவள் ஒப்புதல்களைச் சேமிக்கத் தொடங்கினாள். (*) வாடிக்கையாளரின் பதிலை மட்டும் வைத்தால் போதாது; அவர் எதைப் பார்த்துப் பதில் சொன்னாரோ அந்தப் படிவத்தையும் அதோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். பிறகு ஒரே ஓர் எண் மாறினாலும் பழைய ஒப்புதல் செத்தது, புதிதாகக் கேட்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை எனக்கு எழுத வரவில்லை.

(* எத்தனை வருடம் வைத்திருப்பாய் என்று கேட்டேன். "சட்டம் சொல்றதுக்கு மேல ஒரு வருஷம்.")

3

இந்த ஆண்டு பெருநாளும் வரிக்கெடுவும் ஒன்றாக வந்து விழுந்தன. எங்கள் அலெக்சாந்திரியாவின் மன்ஷிய்யா வட்டாரத்தில் பெருநாள் பிஸ்கோத்து சுடும் ஹாஜ் வஹ்பி போனையே எடுக்கவில்லை. எனவே ஷஹீரா படிவத்தை அச்செடுத்து, போன வருடக் கோப்பையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனாள். நோன்பு நேரத்துப் பிற்பகல். கடை முழுக்கக் கூட்டம். வஹ்பிக்கு முழங்கை வரை மாவு.

"எங்க போடணும் கையெழுத்து? வெள்ளைத் தாளாவே குடுங்க உஸ்தாஸா, நெறைய போட்டுத் தர்றேன். நீங்க அப்புறம் நிரப்பிக்குங்க."

"படிச்சுட்டுப் போடுங்க ஹாஜ்."

"இத்தன பேர் முன்னாடி லாபத்தைப் பாக்கறதா? கண்ணு பட்டுடும்!"

"மனசுக்குள்ள படிங்க."

"என் கண்ணும் கண்ணுதானே? அடுப்பு நல்லா எரியுதேன்னு ஒரு நாள் வாயத் தொறந்து சொன்னேன். அன்னிக்கே இடிஞ்சு விழுந்துச்சு."

கல்லாவில் இருந்த வஹ்பியின் அக்கா இன்ஷிராஹ் சிரித்தாள். "அடுப்பு இடிஞ்சது நீ கொத்தனுக்குக் காசு குடுக்காததால. உஸ்தாஸா, இவன் எந்த வருஷம் படிச்சான்? போன வருஷம் விரல் போட்டதே நான்தான். இவன் போனு என்கிட்டத்தான கெடக்குது."

ஷஹீரா கையிலிருந்த போன வருடக் கோப்பைப் பார்த்தாள். தேதியோடு, படிவத்தோடு பூட்டி வைத்திருந்த ஒப்புதல் வேறு யாருடைய விரலோ.

"அப்ப ரெண்டு வருஷத்தையும் படிக்கணும் ஹாஜ்."

"எதிர்த் தெருக் கணக்கர் வரித் தளத்தோட கடவுச்சொல் மட்டுந்தான் கேக்கறார். அவர்கிட்டப் போயிடுவேன்!"

"போங்க. ஆனா படிச்சுட்டுப் போங்க."

சொல்லிவிட்டு ஒரு மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

4

இங்கே நான் ஒரு முடிவு கண்டுபிடித்தேன். ஷஹீரா மொத்த லாபத்தின் மேல் ஒரு சீட்டை ஒட்டி மறைக்கிறாள். வஹ்பி மற்றதைப் படித்துக் கையெழுத்திடுகிறார். கண்ணும் படவில்லை, சட்டமும் மீறவில்லை. என் சாமர்த்தியத்தில் எனக்கே மயக்கம்.

ஷஹீரா என் வரைவில் குறுக்கே கோடு போட்டாள். "மறைச்சு வெச்ச எண்ணுக்கு எவன் ஒத்துக்க முடியும்? நீயும் எதிர்த் தெரு ஆளும் ஒண்ணு." கூடவே, "ஹாஜைக் கோமாளி ஆக்காதே, அவர் பயம் நெஜம்" என்றும் எழுதியிருந்தாள்.

சரி. நடந்ததையே எழுதுகிறேன்.

நோன்பு திறக்கும் பீரங்கி முழங்கியதும் தெரு துடைத்து விட்டதுபோல் காலியாயிற்று. நம் ஊரில் அந்த நேரத்தில் பூனைகூட வெளியே நிற்காது. ஷஹீரா பக்கங்களை மாவுப் பலகையில் வைத்தாள்.

"பாருங்க ஹாஜ். ஒரு கண்ணு கெடையாது தெருவுல."

வஹ்பி வாசலை எட்டிப் பார்த்தார். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இன்ஷிராஹ் வைத்த பருப்புக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாவது பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"அத்தாரின் தெருக் கடைக்கு வாடகையா? அதை மூடித்தான் ரெண்டு வருஷம் ஆச்சே."

ஷஹீரா பார்த்தாள். அவளுடைய தவறுதான். பழைய படிவத்திலிருந்து அப்படியே இறங்கி வந்த வரி. போன வருடப் படிவத்திலும் அதே வாடகை, வரியைக் குறைக்கும் செலவாக. இன்ஷிராஹின் விரல் அதைத் தாண்டிப் போயிருந்தது.

இந்த ஆண்டுப் படிவத்தை அங்கேயே திருத்தி, வஹ்பி வீட்டிலிருந்த மருமகளின் அச்சுப்பொறியில் புதிதாக எடுத்தார்கள். வஹ்பி மறுபடியும் முழுக்கப் படித்தார், கையெழுத்திட்டார். பிறகு போன வருடத்துப் படிவத்தைத் தானே இழுத்துக்கொண்டார்.

"இதுக்குப் போன வருஷத் தேதியே போட்டுடறேன். நான் படிச்சேன், நான் ஒத்துக்கிட்டேன். தப்பு என் தலைல போகட்டும். உங்க உரிமத்துல யாரும் கை வைக்க முடியாது."

(அவள் உடனே மறுத்தாள் என்று எழுதினேன். அடித்தாள். "உடனே மறுக்கல. அந்தத் தேதிக் கட்டத்தையே பாத்துட்டிருந்தேன். அதையும் போடு." போட்டுவிட்டேன்.)

"இன்னிக்கித் தேதி போடுங்க ஹாஜ். அந்த வாடகை தப்புன்னும் எழுதுங்க. விரல் யாரோடதுன்னும்."

"அப்ப நீங்கதான் மாட்டுவீங்க!"

"தெரியும்."

"வல்லாஹி, அல்லா மேல ஆணையா உங்களுக்குப் பைத்தியம்." திட்டிக்கொண்டே எழுதினார். சாட்சியாக இன்ஷிராஹும் கையெழுத்திட்டாள், இந்த முறை தன் பெயரில்.

5

பெருநாள் விடுமுறை முடிந்ததும் திருத்தப் படிவத்தோடு அவள் வரி அலுவலகம் போகிறாள். தல்அத்தின் உரிமத்தை எடுத்த அதே அறைக்கு.

அங்கே நடப்பதை நான் இரண்டு விதமாக எழுதினேன். முதலாவதில் அதிகாரி அவள் நேர்மையை மெச்சி

இரண்டாவதில் பலகையில் மிச்சமிருந்த பெயரின் மேலும் வெள்ளை

இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டாள். "இது இன்னும் நடக்கல. நடக்காததுக்கு எப்படி ஒப்புதல் குடுப்பேன்?" மற்ற பக்கங்கள் எல்லாவற்றிலும் அவள் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன, நீங்கள் இதுவரை படித்த வரைவோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆகவே இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அந்த அறையில் மேசைக்குப் பின்னால் அதிகாரியின் நாற்காலி இருக்கிறது. அதில் நீங்கள் உட்காருங்கள். ஷஹீரா உள்ளே வந்து, உட்காராமல், "தப்பு என்னுது" என்று சொல்லிக் காகிதத்தை உங்கள் பக்கம் தள்ளுகிறாள். முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.