நூறு நாள் காற்று

ஆயர் குரோ நகரில் ஒரு நிறுவனம் ஜன்னலே திறக்க முடியாத ஒரு மாதிரி வீட்டைக் கட்டியிருந்தது. வெயில் இன்னும் ஏறினால் நாளைய நகரத்தில் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று பார்க்கும் சோதனை அது. பெம்பான் என்ற ஊரிலிருந்து தினேஷ்வரன், மனைவி பவானேஸ்வரி, பத்து வயது மகள் திவ்யதர்ஷினி மூவரும் நூறு நாள் உள்ளேயே இருக்கச் சம்மதித்து வந்தார்கள். கூரையிலிருந்த இயந்திரம் குளிர்ந்த காற்றை விட்டு விட்டு ஊதிக்கொண்டிருந்தது. அவர்கள் உடல்நிலையைத் திரையில் கண்காணிப்பது எஞ்சினியர் உஷாந்தியின் வேலை.

அறுபதாம் நாள் அவள் ஒன்றைக் கவனித்தாள். திரையில் மூன்று பேரின் மூச்சுக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. இயந்திரம் ஊதும்போது மூவரும் மூச்சை இழுத்தார்கள். அது ஓய்ந்ததும் விட்டார்கள்.

"சென்சார் கெட்டுப் போயிருக்கும்லா, விடும்மா" என்றார் மேலாளர் சேகரன். அவளும் விட்டுவிட்டாள்.

நூறாம் நாள் காலை அவளே போய்க் கதவைத் திறந்தாள். மூவரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துணிமணி எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை.

"முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போலாம்."

"கதவ சாத்துங்கக்கா" என்றாள் பவானேஸ்வரி மெதுவாக. "வெளிய காத்து ஒழுங்கா வரமாட்டேங்குது."

இயந்திரம் நின்றால் தாமாக எழுந்து வந்துவிடுவார்கள் என்று நினைத்து, உஷாந்தி கதவோரம் இருந்த சுவிட்சை அணைத்தாள். மூன்று பேரின் மூச்சும் ஒருசேர நின்றது. ஒருவரும் தவிக்கவில்லை. கூரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

சிறுமியின் உதடு நீலம் பாரித்தது. உஷாந்தி அவளை வாரிக்கொண்டு வெளியே ஓடி, முதுகில் அறைந்தாள். திவ்யதர்ஷினி இருமினாள், வீறிட்டு அழுதாள், தானாக மூச்சிழுத்தாள்.

உள்ளே இருவரும் அசையவில்லை. வேறு வழி தெரியாமல் உஷாந்தி திரும்ப ஓடிப்போய் சுவிட்சைப் போட்டாள். காற்று வந்தது. இரண்டு நெஞ்சுகளும் ஏறின.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அம்மா, வாங்கம்மா" என்று மகள் அழுதாள்.

பவானேஸ்வரி எழுந்து வாசல்வரை வந்தாள். மகளைப் பார்த்து வாஞ்சையாகச் சிரித்தாள்.

"வெயில்ல நிக்காதம்மா. உள்ள வா."

சிறுமி உஷாந்தியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு பின்வாங்கினாள். தாய் கோபமே இல்லாமல் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.