கடையில் வாங்கிய கை

கல்லூரியில் சேர்ந்த அன்றே வாசல் காவல்காரர் தொடங்கி ஊரே என்னை ‘பாஷ்மொஹந்திஸா’, இன்ஜினியரம்மா, என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எகிப்தில், எங்கள் மன்சூராவில் அப்படித்தான். கடைசி வருட ப்ராஜெக்ட் தேர்வு வந்தபோது அந்தப் பட்டத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக இருந்தது.

தக்காளியை எடுத்துப் பெட்டியில் வைக்கும் எந்திரக் கை ஒன்றை நானே செய்திருந்தேன். தூக்கம் கெட்டதுதான் மிச்சம், அது நடுங்கிக்கொண்டே இருந்தது. ‘இம்தியாஸ்’, அதாவது முதல்தர மதிப்பெண், வாங்குபவர்களை மட்டும்தான் ஊரிலிருக்கும் பம்ப் தொழிற்சாலை வேலைக்கான நேர்முகத்துக்குக் கூப்பிடும். எனக்கு அந்த வேலை வேண்டும்.

வகுப்புத் தோழன் ஹாஸிம் ஸ்டேஷன் பின்னாலிருக்கும் கடையில் ப்ராஜெக்டுக்கென்று செய்து விற்கும் ஒரு கையை வாங்கிவிட்டான்.

“எல்லாரும் வாங்குறாங்க. நீ மட்டும் ஏன், நிஹால், உயிர விடுற?” என்றான்.

தேர்வன்று அவன் முறை வந்தது, கை அசையவில்லை. வெளியே ஓடிவந்தான்.

“உன் கால்ல விழுறேன், ஒரு தடவ பாரேன்!”

திறந்து பார்த்தேன். அவன் வந்த மைக்ரோபஸ்ஸின் குலுக்கலில் ஒரு ஒயர் கழன்றிருந்தது. சொருகிக் கொடுத்தேன். அவன் என்னவென்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்து நான். என் எந்திரக் கை தக்காளியைத் தூக்கியது, நடுங்கியது, தேர்வாளர் டாக்டர் லுட்ஃபியின் ஷூ மேலேயே போட்டது.

“ஏம்மா இப்படி?”

முழங்கை மோட்டாருக்குப் பாரம் தாங்கவில்லை என்று படம் போட்டே விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார்.

“நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா. ஆனா ஹாஸிமோடது ஓடுதே?”

அவனுக்கு இம்தியாஸ். எனக்கு வெறும் பாஸ்.

அடுத்த வாரம் ஹாஸிம் போன் செய்தான். நேர்முகத்துக்காகத் தொழிற்சாலை வாசலில் நிற்கிறானாம்.

“பாஷ்மொஹந்திஸா, உள்ள போய்ட்டு வந்தவன் சொல்றான், ஒரே கேள்விதானாம். ப்ராஜெக்ட்ல என்ன கெட்டுப்போச்சு, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு. அன்னிக்கு என்னதான் ஆச்சு? சீக்கிரம் சொல்லு!”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு வருடத்துப் பதில் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

“அதுல என்ன கெட்டுப்போச்சு, ஹாஸிம்? அதான் இம்தியாஸ் வாங்கிச்சே” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிறகு உட்கார்ந்து அழுதேன்.