யாரும் நுழையாத பெயர்

மெஷின் பார்க்கக் கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஹுஸைஃபா, குற்றாலம் லாட்ஜின் வரவேற்பு கம்ப்யூட்டரில் தேவையில்லாத லாகின் கணக்குகளைப் பூட்டிக்கொண்டிருந்தான். லினக்ஸ் போடும்போதே கூட வந்துவிடும் கணக்குகள் அவை. விளையாட்டுக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று. மனிதர் யாரும் அவற்றில் நுழைவதில்லை. ஆனாலும் சும்மா விட்டுவைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான்.

அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்துவந்த முதலாளி சுடலைமுத்து, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஜி, என், ஏ. அடுத்து டி, எஸ். இது ஞானதுரை அண்ணாச்சி பேருல்லா?"

ஞானதுரை மேசைக்கு மறுபுறம் சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தார். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். லாட்ஜின் பின்னறையில்தான் மனைவி முத்துசெல்வியோடு குடியிருந்தார். அந்த அறைக்கு ஏசி போட்டு சீசனுக்கு விடவேண்டும் என்று சுடலைமுத்து பலமுறை ஜாடையாகச் சொல்லிவிட்டார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு முத்துசெல்வி படுத்திருந்ததால் அந்தப் பேச்சு நின்றிருந்தது.

வேலைக்குத் துரை என்று ஒரு கணக்கு இருக்கும்போது இது எதற்கு இரண்டாவது என்று முதலாளி கேட்டார். ஞானதுரைக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்று முதலாளிகளிடம் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"பெரிய மொதலாளி போட்டுக் குடுத்தது."

ஹுஸைஃபா சிரித்துவிட்டான். அது ஏதோ பழைய மென்பொருளின் பெயர், மெஷினோடு வந்தது, யாரும் போட்டதில்லை, யாரும் அதில் நுழையவும் முடியாது என்று விளக்கினான். சுடலைமுத்து பொறுமையாகக் கேட்டார். அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"நீ சும்மா இரி தம்பி. அவரே ஒத்துக்கிடுதாருல்லா."

பிறகு ஞானதுரையைப் பார்த்தார். அண்ணாச்சி என்ற அழைப்பு அந்த நிமிடத்தோடு போயிற்று.

"செத்துப்போன எங்கப்பா பேரச் சொல்லித் திருட்டுக்கணக்கு வச்சிருக்கியாலே?"

"பயத்துல சொல்லிட்டேன் மொதலாளி. எனக்கு ஒண்ணும் தெரியாது."

சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார் சுடலைமுத்து. தையல்கூடப் பிரிக்கவில்லை என்றார் ஞானதுரை.

"இலத்தூர்ல அவ அண்ணன் வீடு இருக்குல்லா. ஆட்டோவுல படுத்துக்கிட்டே போவட்டும்."

துரை கணக்கையும் பூட்டும்படி ஹுஸைஃபாவிடம் சொன்னார். அது வேலைக்கு உள்ளதாயிற்றே என்று அவன் தயங்கினான்.

"இப்பத் தேவையில்லாததுதான."

ஹுஸைஃபா யாரையும் பார்க்காமல் தட்டினான். பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். முதலாளி அவனுக்கு டீ சொல்ல வாசலுக்குப் போனார்.

அருவியில் குளித்த ஈரத்தோடு ஒரு குடும்பம் உள்ளே வந்து அறை இருக்கிறதா என்று கேட்டது. இருக்கிறது என்றார் ஞானதுரை. எப்போதும்போல நாற்காலியில் உட்கார்ந்து துரை என்ற பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தார். திரை ஏற்கவில்லை. விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தார். வந்தவர்கள் ஆதார் அட்டைகளை நீட்டியபடி நின்றார்கள்.