குகையில் கிடந்த பிள்ளை

என் கணவர் கதிர்காமநாதனுக்கு எலும்பு பார்க்கிற உத்தியோகம். சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளர். விரல் நுனி எலும்பு ஒன்றைக் கொடுத்தால் போதும், எந்தக் கை, என்ன வயது என்று சொல்லிவிடுவார். கலியாணமான புதிதில் எனக்கு அதில் பெரிய பெருமை. பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தேழாம் ஆண்டு தொடக்கத்தில் எங்கள் மகள் சுகந்தி மூளைக்காய்ச்சலில் போனாள். நாலு வயது. அந்த வயதுப் பிள்ளையை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை, புதைப்பார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் எரிக்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“ஒப்பந்தம் முடிய ஊருக்குப் போயிடுவம். பிள்ளையை இந்த மண்ணில தனிய விட்டிட்டுப் போறதோ? கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில கரைப்பம்.”

ஊசி போட்டு என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. எரித்து, ஒரு டின்னில் போட்டு மூடித் தந்தார்கள்.

அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. ஊரென்றால் மரத்தில் கட்டித் தொங்கவிடலாம். மெரிலேண்ட்ஸ் வாடகை வீட்டில் மரத்துக்கு எங்கே போவது? கராஜில், புல்லு வெட்டுகிற மெஷினுக்கு மேலே, ஓர் ஆணியில் துணிப்பைக்குள் என் பிள்ளை தொங்கினாள். ஆவணியில் ஊரில் கலவரம் வந்தது. நிலைமை சரியாகட்டும், போவம் என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார்.

அந்த வருடம்தான் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, முகம் மலர்ந்து பேச ஆரம்பித்தார். அவர் அப்படிப் பேசியே எத்தனையோ காலமாகியிருந்தது. மத்தியதரைக் கடலோரம் ஒரு குகையில் அவருடைய பல்கலைக்கழகத்து ஆட்கள் தோண்டி எடுத்த ஆதிமனித எலும்புகள் ஆராய்ச்சிக்காக வந்திருக்கின்றனவாம்.

“நியாண்டர்தால் பிள்ளை, யோகா. நாலு வயதிருக்கும். பல்லிலயே தெரியுது.”

சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“பெட்டையோ, பெடியனோ?”

“அந்த வயதில எலும்பை வைச்சுச் சொல்லேலாது.”

“எனக்கு அதைக் காட்டுங்கோ.”

தயங்கித்தான் கூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை காலை, ஆய்வுகூடத்தில் வேறு யாரும் இல்லை. பெரிய தட்டு ஒன்றில் மணல் பரப்பி, குகையில் கிடந்தபடியே பிள்ளையை அடுக்கி வைத்திருந்தார். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தது. சுகந்தியும் அப்படித்தான் படுப்பாள். பாற்பற்கள்கூட விழாமல் இருந்தன.

“எவ்வளவு காலம்?”

“அம்பதினாயிரம் வருசத்துக்குக் குறையாது.”

“பிறகு என்னெண்டு இப்பிடி முழுசாக் கிடக்குது?”

“புதைச்சிருக்கினம். குழி தோண்டி, மிருகங்கள் இழுக்காமல் மேல கல் அடுக்கி…”

அதைப் பெற்ற தாய்க்கு மொழி என்று ஒன்று இருந்ததோ என்றே தெரியாதாம். ஆனாலும், ‘என் பிள்ளையை மண்ணில் வையுங்கள்’ என்று யாரிடமோ அவளால் சொல்ல முடிந்திருக்கிறது. அவள் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

“எங்கட பிள்ளையையும் புதைப்பம்,” என்றேன். “டின்னோட வேண்டாம். இப்பிடிப் படுக்க வைச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓம். எலும்பெல்லாம் வெடிச்சுத் துண்டாத்தான் இருக்கும். எண்டாலும் எனக்குத் தெரியும் தானே. நான் அடுக்கித் தாறன்.”

காரில் வரும்போது, றூக்வூட் மயானத்தில் இடம் கேட்பதாகவும் சொன்னார். பரமட்டா வீதி முழுக்க அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கராஜில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தோம். ஊரில் எரித்த பிறகு, காடாத்தின்போது எலும்புகளைப் பொறுக்கிக் கழுவி எடுப்பதை இருவருமே கண்டிருக்கிறோம். டின்னுக்குள்ளும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியிருந்தோம். திறந்து பார்க்கத் துணிவில்லாமலே அத்தனை மாதம் போயிருந்தது.

மூடியை நெம்பிக் கவிழ்த்தார். மா மாதிரிக் கொட்டியது. முழுக்கச் சாம்பல் நிறத் தூள்.

முழந்தாளிட்டு விரலால் கிளறினார். ஒரு சிட்டிகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு இன்னொரு சிட்டிகை.

“இவங்கள் மெஷினில அரைச்சுத்தான் குடுக்கிறவங்கள் போல, யோகா. எனக்குத் தெரியாமல் போச்சு.”

“கால் எந்தப் பக்கம்?”

அவர் தூளை வேட்டியின் நடுவுக்கு ஒதுக்கினார்.

“கால் எது எண்டாவது சொல்லுங்கோ. தலையை எந்தப் பக்கம் வைக்கிறது?”

“தெரியேல்ல,” என்றார். “எனக்கு ஒண்டும் தெரியேல்ல.”

வெளியே காற்று எழும்பியது. வேட்டியின் ஓரம் அசைந்தது. ஓடிப்போய்க் கராஜ் கதவை இழுத்து மூடினேன்.